வாசகர் கேள்வி–பதில்: லில்லியின் உயிர் அடித்தட்டில்

கோடை மழை ஒன்றிரண்டு நன்றாகப் பெய்ததுமே முற்றத்து லில்லி எல்லாம் ஒன்றாகத் தலை நீட்டிவிட்டது போலிருக்கிறது, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லில்லியைப் பற்றித்தான். அதனால் மிளகும் ரோஜாவும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயம். நாம் லில்லி என்று சொல்லும் செடிகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. மழை லில்லி, அமரிலிஸ், ஃபுட்பால் லில்லி, ஸ்பைடர் லில்லி எல்லாம் அமரிலிஸ் குடும்பம். பூங்கொத்துக் கடையில் வரும் பெரிய ஓரியண்டல் லில்லிதான் உண்மையான லில்லி. பீஸ் லில்லி சேம்புக்குச் சொந்தம். கையில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு கத்தியை எடுத்தால் கிழங்கு வீணாகாது.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு மதில் ஓரத்தில் ரோஸ் நிற மழை லில்லி நெருக்கமாகப் படர்ந்து கிடக்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன், இலை நல்ல பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் வருவதே இல்லை. பிடுங்கிப் பிரித்து நட்டால் பூக்குமா?
– வாசகி, தக்கலை

பதில்: தினமும் தண்ணீர் விடுவதுதான் பிரச்சினை. மழை லில்லி காய்ந்து கிடந்து திடீரென்று நனையும்போது பூக்கிற செடி. மண் எப்போதும் ஒரே ஈரத்தில் இருந்தால் அது இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். இரண்டு மூன்று வாரம் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள், இலை மஞ்சளாகிச் சாய்ந்தாலும் பரவாயில்லை, அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மண் முழுக்க ஊறும்படி விடுங்கள், அந்த நேரம் பார்த்து மழையே வந்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு வாரத்துக்குள் மொட்டு தெரிய ஆரம்பிக்கும். அரை நாள் வெயிலாவது வேண்டும். பலா மரத்தடியிலோ ரப்பர் ஓரத்திலோ இருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் இலைதான். சாணி உரம், யூரியா எல்லாம் அள்ளிப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

நெருக்கம் ஒரு குறை இல்லை, மழை லில்லிக்குக் கூட்டமாக இருக்கத்தான் பிடிக்கும். பெருக்க வேண்டும் என்ற ஆசைக்காகப் பிரிக்கலாம், பூக்கவில்லை என்ற கோபத்தில் பிரிக்க வேண்டாம், பிரித்த பிறகு கொஞ்ச காலம் வேர் பிடிப்பதிலேயே போய்விடும். பிரிப்பது என்றால் கொத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி மண்ணோடு பெயர்த்து எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி அலசுங்கள். கிழங்குகள் தானாகவே பிரிந்து வரும். சில கிழங்கின் இடுப்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டிக்குத் தனி வேர் இருந்தால் மெல்லத் திருகி எடுக்கலாம், வேர் இல்லையென்றால் தாயோடேயே விட்டுவிடுங்கள். இலையைப் பாதியாக வெட்டிவிட்டு, கழுத்து மண் மட்டத்தில் தெரியும்படி நடுங்கள். ஒரு சாண் அகலச் சட்டியில் ஆறேழு கிழங்கு தாராளமாகப் போடலாம். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நட்டுவிட்டுப் பூ எங்கே என்று தேட வேண்டாம்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் மண் கொஞ்சம் உலரும்போது பிரித்து நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

கேள்வி: அக்கா, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அமரிலிஸ் கிழங்கு மூன்று இருக்கிறது. கை கொள்ளாத அளவுக்குப் பெருத்துவிட்டது, வருஷா வருஷம் பூக்கிறது, ஆனால் குட்டியே விடவில்லை. தங்கைகளுக்குக் கொடுக்க ஆசை. கிழங்கை வெட்டிப் பெருக்கலாம் என்கிறார்கள், எனக்குக் கை வரவில்லை. உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்மைதான், பயப்படாமல் செய்யலாம். ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் வெட்டுங்கள், அம்மா வீட்டுக் கிழங்கு, மற்ற இரண்டும் முழுசாக இருக்கட்டும்.

முதலில் கிழங்கைக் கவிழ்த்துப் பாருங்கள். வேர் கிளம்பும் இடத்தில் கட்டையாக, வட்டமாக ஒரு தட்டு இருக்கும். அதுதான் செடியின் உண்மையான தண்டு. அதற்கு மேலே வெங்காயத்தில் இருப்பதுபோல அடுக்கடுக்காக இருப்பதெல்லாம் இலையின் அடிப்பாகம், சாப்பாடு சேர்த்து வைக்கிற இடம். அடுக்கு தட்டோடு சேருகிற அந்த மூலையில்தான் புதுக் குட்டி பிறக்கும். ஆகவே எப்படி வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தட்டு இருக்க வேண்டும். தட்டு இல்லாத துண்டு எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் அழுகத்தான் செய்யும். வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான்.

நேரம் தை, மாசி. இலை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறைந்திருக்கும். கிழங்கைத் தோண்டி எடுத்து, வெளியே இருக்கும் பழுப்புச் சருகுத் தோலை உரித்து, வேரைத் தட்டுக்கு நெருக்கமாக நறுக்கிவிடுங்கள், தட்டில் கத்தி படக் கூடாது. மேலே கழுத்துப் பாகத்தையும் வெட்டித் தள்ளுங்கள். கத்தி நல்ல கூர்மையாக இருக்கட்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தேங்காயை உடைப்பதுபோல் குறுக்கே அல்ல, மேலிருந்து கீழாகத் தட்டின் நடுவில் இறங்கும்படி இரண்டாக, அப்புறம் நான்காக, அப்புறம் எட்டாக வெட்டுங்கள். பெரிய கிழங்கென்றால் பதினாறு துண்டு வரைகூடப் போகலாம், முதல் தடவைக்கு எட்டு போதும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பால் சிலருக்கு அரிக்கும்.

துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, நிழலில் வெட்டுவாய் உலரும் வரை வையுங்கள். இப்போது கதம்பைத் தூள் வேண்டும், கடையில் கட்டியாக விற்கிற தென்னைநார்த் தூளும் அதுதான். மூன்று நான்கு தண்ணீரில் அலசி, பிழிந்தால் ஒரு சொட்டு நீர்கூட வராத பதத்தில் இருக்கட்டும். ஜிப் வைத்த பாலிதீன் பையில் இந்தத் தூளைப் போட்டு, துண்டுகளைத் தட்டு கீழே பார்த்தபடி சொருகி, பையில் கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடி, அலமாரியில் இருட்டாக வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த துண்டை உடனே எடுத்து எறியுங்கள், பாவம் பார்த்தால் மற்றதும் போகும்.

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அடுக்குகள் கொஞ்சம் விரிந்து, தட்டுக்கு மேலே, இரண்டு அடுக்குக்கு நடுவில், அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒன்று தெரியும். அது பட்டாணி அளவாகும், அதன் நுனியிலிருந்து பச்சையாக ஓர் ஊசி இலை கிளம்பும். அந்தக் கட்டத்தில் தாய்த் துண்டோடு சேர்த்தே சட்டியில் நடுங்கள், தட்டு மண்ணுக்குள், அடுக்கின் நுனி வெளியே. தாய்த் துண்டு குட்டிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் தானாகச் சுருங்கிப் போகும். முதல் வருஷம் குட்டியை ஓய்வுக்குக் காய விட வேண்டாம், இலை இருக்கும் வரை தொடர்ந்து வளர விடுங்கள். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், தங்கைகளிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, கோடு கோடாக இருந்தால் அது வைரஸாக இருக்கலாம். அந்தக் கிழங்கை வெட்டவே வேண்டாம். துண்டு எல்லாவற்றிலும் நோய் போகும், அதே கத்தியால் தொட்ட நல்ல கிழங்குக்கும் போகும்.

கேள்வி: அமரிலிஸ் பூத்து முடிந்ததும் காய் ஒன்று வீங்கி நிற்கிறது. வெட்டிவிடு என்கிறாள் மதினி. விதை முளைக்குமா, அக்கா? மஞ்சள் மழை லில்லியிலும் நிறைய காய் இருக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மதினி சொல்வதிலும் நியாயம் உண்டு. காய் பிடித்தால் கிழங்கின் சத்து அங்கே போகும், அடுத்த வருஷப் பூ குறையலாம். விதை வேண்டாம் என்றால் வாடிய பூவோடு கிள்ளிவிடுங்கள். வேண்டுமென்றால் ஒரே ஒரு காயை விட்டு வையுங்கள்.

நாலைந்து வாரத்தில் காய் மஞ்சளாகி மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே தாள் தாளாகக் கறுப்பு விதைகள் அடுக்கி வைத்திருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், நடுவில் தடிப்பாக ஒரு கரு தெரிந்தால் நல்ல விதை, வெறும் தாளாக இருந்தால் பதர். நல்லதைப் பொறுக்கி ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மேலே மிதக்க விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள், கொசு முட்டையிட்டுவிடும். இரண்டு வாரம் வாக்கில் வெள்ளை வேர் கீழே தொங்கும், அதை ஓட்டை போட்ட சிரட்டையில் மண் நிரப்பி ஒன்றொன்றாக நட்டுவிடலாம். விதையைப் பத்திரமாக டப்பாவில் போட்டு அடுத்த வருஷம் வரை வைக்காதீர்கள், புதிதாக இருக்கும்போது முளைப்பதுபோல் அப்போது முளைக்காது.

மஞ்சள் மழை லில்லி இன்னும் எளிது. காய் வெடிக்கிற அன்றே பறித்து மண்மேல் தூவி மெல்லிசாக மண் போட்டால் போதும், நீங்கள் தூவாவிட்டாலும் அது தானாகவே பக்கத்துச் சட்டியில் எல்லாம் முளைத்திருக்கும். மஞ்சள் தாயைப் போலவே வரும். கலப்பு அமரிலிஸ் விதையில் என்ன நிறம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கு அதுதான் பிடித்த பாகம். இரண்டு நிறம் இருந்தால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் மூன்று பிரிவாக விரிந்த சூல்முடியில் தடவிப் பாருங்கள். உலகத்தின் முதல் கலப்பு அமரிலிஸை 1799இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் உருவாக்கிய ஆர்தர் ஜான்சன் கடிகாரம் செய்கிற மனிதர், தாவரவியல் படித்தவர் இல்லை. வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய காரியம்தான் இது.

கேள்வி: ஆன்லைனில் ஓரியண்டல் லில்லிக் கிழங்கு வாங்கி நட்டோம். முதல் வருஷம் அருமையாகப் பூத்தது, அப்புறம் இலை காய்ந்தது, கிழங்கும் சின்னதாகிவிட்டது. ஈஸ்டருக்குப் பீடத்தில் வைக்க வெள்ளை லில்லி வீட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று ஆசை. செதில் பிரித்து வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டோம்.
– வாசகர், முளகுமூடு

பதில்: செதில் பிரிப்பது எளிது, அதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டம். அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

உண்மையான லில்லிக் கிழங்குக்கு அமரிலிஸ் மாதிரி சருகுத் தோல் கிடையாது, செதில் செதிலாக நிற்கும். வெளிச் செதில்களை ஒவ்வொன்றாக அடியோடு சேர்த்து உடைத்து எடுக்கலாம், இதில் மட்டும் தட்டு ஒட்டிவர வேண்டிய கட்டாயம் இல்லை, உடைந்த அடிவாயிலேயே குட்டி பிறக்கும். அமரிலிஸுக்குச் சொன்ன மாதிரியே சுத்தம் செய்து, ஈரப்பதமான கதம்பைத் தூளோடு பையில் போட்டு வீட்டுக்குள் குளுமையான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு செதிலுக்கு ஒன்றிரண்டு குட்டிக் கிழங்கு கிடைக்கும். தாய்க் கிழங்கில் பாதிச் செதிலை விட்டுவைத்துத் திரும்ப நட்டுவிடுங்கள்.

கஷ்டம் எங்கே என்றால், இந்தக் கிழங்கு குளிர் நாட்டுச் செடியுடையது. ஒரு குளிர்காலம் கடந்தால்தான் அது ஒழுங்காக முளைத்துப் பூக்கும். நம்மூர் மார்கழிக் குளிர் அதற்குக் குளிரே இல்லை. கடையில் வாங்கிய கிழங்கு ஏற்கனவே குளிரூட்டி அனுப்பப்பட்டது, அதனால்தான் முதல் வருஷம் பூத்தது. நீங்கள் அந்தக் குளிரை ஃபிரிட்ஜில் கொடுக்க வேண்டும். காய்கறி வைக்கும் அடித்தட்டில், ஈரத் தூளோடு பையில், நாலைந்து டிகிரியில், ஆறிலிருந்து எட்டு வாரம் வரை. பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் வைக்கக் கூடாது, பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இதை வருஷா வருஷம் செய்ய வேண்டும், குட்டி பூக்கும் அளவுக்கு வளர இரண்டு மூன்று வருஷம் ஆகும், நடுவில் நம் கோடை வெப்பத்தில் கிழங்கு இளைத்துக்கொண்டே போகும்.

கட்டாயம் இதுதான் வேண்டும் என்றால் ஓரியண்டலை விட்டுவிட்டு ஈஸ்டர் லில்லி என்ற வெள்ளை லில்லியைத் தேடுங்கள். அதன் சொந்த ஊர் ஜப்பானின் தெற்குத் தீவுகளும் தைவானும், அதனால் வெப்பத்தை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பொறுக்கும், விதையிலும் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான வெள்ளை லில்லி ஒன்றும் உண்டு, நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் எக்காளம் போல் நீண்டு பூக்கும். அதை மலையிலிருந்து யாராவது தோண்டிக்கொண்டு வந்து தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். இருக்கிற இடத்தில் இருக்கட்டும் அது.

என் யோசனை, பீடத்துக்குச் சம்பங்கி வளருங்கள். தோவாளைச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருகிற அதே சம்பங்கிதான். வெள்ளை, நல்ல வாசனை, நம் வெயிலுக்குப் பழகியது, நட்டால் மூன்று நான்கு மாதத்தில் பூக்கும். ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும், ஆனால் அதைச் சுற்றி வரும் குட்டிகள் அடுத்தடுத்துப் பூத்துக்கொண்டே இருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு பாத்தி நட்டுவிடுங்கள்.

கேள்வி: மக்களே, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். ஆற்றங்கரையிலிருந்து பேரன் ஒரு காய் எடுத்து வந்தான், சின்ன உருளைக்கிழங்கு அளவு, பச்சை நிறம். ஜன்னலில் வைத்திருந்தேன், மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, அதுபாட்டுக்கு முளை விட்டுவிட்டது. இது என்ன?
– வாசகர், குழித்துறை

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கிரைனம் லில்லியின் விதை, நம்மூர் விஷமூங்கில். வெள்ளையாக, இதழ் மெலிந்து நீண்டு, ராத்திரியில் மணக்கிற பூ. அதன் விதைக்கு உள்ளேயே முளைப்பதற்கு வேண்டிய தண்ணீரும் உணவும் இருக்கிறது, கெட்டியான விதையுறை கிடையாது. மிதந்துபோய் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அங்கே வேர் விடுவதற்கான ஏற்பாடு. முளை நீண்டு அதன் நுனி வீங்கும், அந்த வீக்கம்தான் வருங்காலக் கிழங்கு. ஈர மணல்மேல் விதையைப் பாதி புதையும்படி வைத்து, முளை தானாகக் கீழே இறங்க விடுங்கள். விதையைப் பிடுங்கி எறிய வேண்டாம், அதுவாகச் சுருங்கி விழும். பெரிய செடியாக வளரும், சட்டியில் அடங்காது, கிணற்றடியிலோ வாழைக்குத் தண்ணீர் போகும் ஓடை ஓரத்திலோ இடம் பார்த்து வையுங்கள். பேரனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், காயையோ கிழங்கையோ வாயில் வைக்கக் கூடாது.

கேள்வி: லில்லி இலை எல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போகிறது. கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் போட்ட புழு கூட்டமாக இருக்கிறது. என்ன மருந்து அடிப்பது?
– வாசகி, கருங்கல்

பதில்: அது லில்லிப் புழு. அமரிலிஸ், மழை லில்லி, கிரைனம், செங்காந்தள் என்று எதையும் விடாது. இலையை மேலிருந்து தின்றுகொண்டு கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளும் இறங்கும், அங்கே போனபிறகு மருந்து எட்டாது. மருந்துக்கு முன்னால் கை போதும். காலையிலும், டார்ச் எடுத்துக்கொண்டு இரவிலும் போய், இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், கறுப்பு எச்சம் சிந்தியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே கூட்டம் இருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் தட்டிவிடுங்கள். குட்டியாக, கூட்டமாக இருக்கும்போது பிடித்தால் ஒரே இலையோடு மொத்தமும் முடிந்துவிடும், பெரிதானால் பிரிந்துபோய்விடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள், மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூடு கட்டும், அதனால் செடியைச் சுற்றி மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள், கோழி இருந்தால் அது மீதியைப் பார்த்துக்கொள்ளும். கழுத்து வரை தின்றுவிட்டிருந்தால் அழுகின பாகத்தைச் சுத்தமாக வெட்டி, உலர வைத்து நடுங்கள். தட்டு நன்றாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் எங்கள் வேலியில் செங்காந்தள் தானாக வளர்ந்தது. கிழங்கைத் தோண்டி வீட்டு முன்னால் நட்டேன். முளைக்கவே இல்லை.
– வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: தோண்டும்போது நுனி ஒடிந்திருக்கும். செங்காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண், அது போனால் அந்தக் கை வெறும் கட்டை. இதுவரை அடித்தட்டு அடித்தட்டு என்று சொன்னேன், செங்காந்தளில் எல்லாம் நுனியில். செடி காய்ந்து மடங்கிய பிறகு, கம்பியால் குத்தாமல், கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுங்கள். இரண்டு கை சேருகிற மூட்டில் உடைத்தால் இரண்டு செடி. உடைந்த வாய் காய்ந்ததும், மழை தொடங்கும் சமயத்தில், படுக்க வைத்து நாலு விரல் ஆழத்தில் நட்டு, ஏறிக்கொள்ள ஒரு கம்பு ஊன்றிவிடுங்கள். விதையிலும் வரும், ஆனால் முளைக்க நாளாகும், பூக்க வருஷங்கள் ஆகும்.

முக்கியமான விஷயம் இது. தமிழ்நாட்டின் மாநில மலர்தான், ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும். நம் வீடுகளில் மரச்சீனி, காச்சில், சிறுகிழங்கு, சேம்பு எல்லாம் அடுக்களை மூலையில்தான் குவிந்து கிடக்கும். தோண்டிய செங்காந்தள் கிழங்கை ஒரு மணி நேரம்கூட அந்தப் பக்கம் வைக்காதீர்கள். தனி டப்பாவில், பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வயதானவர்கள் காச்சில் என்று நினைத்து வேக வைத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? அமரிலிஸ், கிரைனம் கிழங்கும் இதே மாதிரிதான், சாப்பிடக் கூடாது, ஆடு, நாய் கடிக்கவும் விடக் கூடாது.

கேள்வி: ஃபுட்பால் லில்லி இலை மட்டும் விடுகிறது. பீஸ் லில்லியை எப்படிப் பெருக்குவது? – வாசகி, திங்கள்சந்தை

பதில்: ஃபுட்பால் லில்லி கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளாகும்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, சட்டியை மழை படாத சன்ஷேடின் கீழ் அப்படியே வைத்துவிடுங்கள், சித்திரை மழை வரும்வரை தொட வேண்டாம். வருஷா வருஷம் சட்டி மாற்றினால் அதற்குப் பிடிக்காது. சிவப்புப் பழம் பிடித்தால் சதையைக் கழுவி எடுத்து உடனே நடலாம், பூக்க மூன்று வருஷத்துக்குக் குறையாது. பக்கத்தில் குட்டி வந்திருந்தால் ஓய்வு நேரத்தில் பிரிப்பதே சுலபம். பீஸ் லில்லிக்குக் கிழங்கே இல்லை, சட்டியைக் கவிழ்த்து வேரோடு இரண்டு மூன்று தூராகப் பிய்த்து நடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கிழங்கு அழுகிக்கொண்டே இருக்கிறது. மண் நல்ல வடிகாலாக இருக்கட்டும் என்று கடல் மணல்தான் கலக்கிறேன். – வாசகர், குளச்சல்

பதில்: கடல் மணலில் உப்பு இருக்கிறது, வேண்டாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை வாளியில் போட்டு, மேலே மிதக்கும் பொடி போகும்வரை கழுவி உபயோகியுங்கள், கழுவாவிட்டால் அந்தப் பொடி சட்டியின் அடியில் இறுகித் தண்ணீரை நிறுத்திவிடும். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, மக்கிய உரமும் கதம்பைத் தூளும் சேர்ந்து ஒரு பங்கு. பச்சைச் சாணி கிழங்கைத் தொடக் கூடாது. சட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், தரையோடு ஒட்டி இருந்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும். அமரிலிஸ் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே நிற்கட்டும். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் அழுகுவது பெரும்பாலும் கழுத்து வரை புதைத்த கிழங்குதான்.

கேள்வி: அக்கா, சென்னையில் இருக்கும் மகளுக்கும் துபாயில் இருக்கும் மகனுக்கும் அமரிலிஸ் கிழங்கு அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டி அனுப்புவது? – வாசகி, அருமனை

பதில்: சென்னைக்கு அனுப்புவது சுலபம். கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டி, தண்ணீரில் கழுவாமல், நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். வேரை வெட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, இடைவெளியில் காய்ந்த கதம்பை நாரைத் திணித்து, பெட்டியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேரும்போது வியர்த்து அழுகியிருக்கும். நிறத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வந்ததும் நட்டு, முதல் வாரம் தண்ணீர் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள்.

துபாய்க்கு ஊர் வருகிறவர்களின் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டாம். செடியும் கிழங்கும் நாடு தாண்ட, தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் விமான நிலையத்தில் பிடித்தால் கிழங்கும் போகும், கொண்டுபோகிறவருக்கும் தொந்தரவு. மகன் லீவுக்கு வரும்போது அவருக்கென்று ஒரு சட்டியை இங்கேயே வளர்த்து வையுங்கள், பங்குனி, சித்திரையில் வந்தால் பூவையும் பார்த்துவிடலாம்.